வாடிக்கையாளர்களுக்கு மட்டும்

பெட்டி நசுங்கிய சத்தம் கடை முழுக்கக் கேட்டது.

ஒரே ஒரு நிமிஷம் உட்காரலாம் என்றுதான் கொக்கு நினைத்தார். ஆண்கள் பிரிவில், அடுக்குக்குப் பின்னால், ஒன்பதாம் நம்பர் ஷூ இருந்த அட்டைப்பெட்டி வாகாகத் தெரிந்தது. பெட்டிக்கு அதில் சம்மதம் இல்லை. இப்போது அவர் தரையில் இருந்தார், பெட்டி அவருக்கு அடியில் இருந்தது. அதன் மூடி மட்டும் எப்படியோ அவர் மடிக்கு வந்திருந்தது.

பெண்கள் பிரிவிலிருந்து பெரியக்கா ஓடிவந்தார்.

"ஐயோ அண்ணே, அடி பட்டுருச்சா?"

"எனக்கு ஒண்ணும் இல்ல. பெட்டியைத்தான் கேக்கணும்."

கொக்குக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. கடையில் யாருக்கும் அது ஞாபகம் இல்லை. ஷட்டர் ஏறியதிலிருந்து இறங்கும்வரை நின்றபடியே செருப்பு விற்கிற வேலை அது. அதில் ஒரு காலுக்கு ஓய்வு கொடுத்து மறுகாலில் நிற்கும் வித்தையைத் தானாகவே கற்றுக்கொண்டவர் அவர். ஆள் உயரம், கழுத்தும் நீளம். பெயர் தானாக வந்து ஒட்டிக்கொண்டது.

கல்லாவில் போன் அடித்தது.

எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். மூலைக்கு ஒன்றாக அங்கே கேமராக்கள் இருந்தன. முதலாளி வேறு ஊரில் இருந்தார். அங்கே தலைமை அலுவலகத்தில் பெரிய திரை வைத்து எல்லாக் கடைகளையும் பார்க்கிறார் என்று பேச்சு. அதனால் போன் அடித்தால் மேனேஜர் இரண்டாவது மணிக்கு விடமாட்டார்.

"சொல்லுங்க முதலாளி... இல்ல முதலாளி, உட்காரல. விழுந்துட்டார்... ஆமா முதலாளி... சரி, உட்கார்ந்துதான் விழுந்தார் முதலாளி."

"எல்லாருக்கும் கேக்கற மாதிரி வை!" என்று போன் அலறியது. மேனேஜர் ஸ்பீக்கரை அழுத்தினார்.

"என் கடையில பெஞ்சு யாருக்குப் போட்டிருக்கேன்? கஸ்டமருக்கு! மத்தவங்களுக்கு உட்காரணும்னு ஆசை வந்தா வீடு இருக்கு. நிரந்தரமா அங்கேயே போய் உட்கார்ந்துக்கலாம். நான் பாத்துக்கிட்டே இருக்கேன்!"

மறுநாள் காலை எல்லாப் பெஞ்சுகளிலும் புதுப் பலகை தொங்கியது: 'வாடிக்கையாளர்களுக்கு மட்டும்.' மேனேஜரே கையால் எழுதியிருந்தார். நின்றுகொண்டுதான் எழுதினார். படிக்கட்டுக்கு அடியில் அவருக்கென்று ஓர் அறை உண்டு, அதில் மேசையும் உண்டு, நாற்காலி மட்டும் கிடையாது.

*

அன்று வீட்டில் கொக்கு நாற்காலியில் சரிந்து, காலை வெந்நீர் வாளிக்குள் விட்டிருந்தார். அவர் மனைவி சுவரில் சாய்ந்து நின்று சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தையல் கூடத்தில் வேலை. காலையிலிருந்து மாலை வரை மெஷின் முன்னால் உட்கார்ந்தே இருக்க வேண்டும். வீட்டுக்கு வந்தால் உட்கார் என்றாலே கோபம் வரும்.

"கொஞ்சம் உட்காரேன்மா."

"நீங்க கொஞ்சம் நில்லுங்களேன்."

"நாம வேலையை மாத்திக்கிட்டா என்ன?"

"உங்களை நம்பி ஒரு பொத்தானைக்கூடக் குடுக்க முடியாது." அவள் தட்டைக் கழுவப் போட்டுவிட்டு வந்தாள். "அது கிடக்கட்டும், உங்க கடையில உட்கார யாருக்குத்தான் உரிமை இருக்கு?"

"கஸ்டமருக்கு."

"அப்ப கஸ்டமராயிடுங்க."

அவள் சிரித்துக்கொண்டே போய்விட்டாள். கொக்கு சிரிக்கவில்லை. வாளித் தண்ணீர் ஆறும்வரை அதையே யோசித்துக்கொண்டிருந்தார்.

*

கடை ஆட்களுக்கு அடையாளம் மஞ்சள் கோட்டு. சட்டைக்கு மேல் மாட்டிக்கொள்ளும் கையில்லாத கோட்டு அது, எவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தாலும் கண்ணைப் பறிக்கும்.

மத்தியானம் கூட்டம் அடங்கிய நேரத்தில் கொக்கு சரக்கு அறைக்குப் போனார். மஞ்சள் கோட்டைக் கழற்றிக் கொக்கியில் மாட்டினார். உள்ளே போட்டிருந்த நீலச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். பின்வாசல் வழியாக வெளியே போய், கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு, முன்வாசல் வழியாக நிமிர்ந்து நடந்து வந்தார். நேராகப் பெஞ்சுக்குப் போனார். உட்கார்ந்தார்.

படிக்கட்டு அறையிலிருந்து எட்டிப் பார்த்த மேனேஜர், பழக்கதோஷத்தில், "வாங்க சார், வாங்க" என்றார். பிறகுதான் முகத்தைப் பார்த்தார்.

"யோவ்!"

"கத்தாதீங்க சார். கஸ்டமரைப் பாத்து யோவ்னு சொன்னா மேல கேமராவுல தெரியும்."

மேனேஜர் வாயை மூடிக்கொண்டார். கேமராவுக்குக் காது கிடையாது என்பது அந்த நேரத்தில் அவருக்கு ஞாபகம் வரவில்லை.

பெரியக்காவுக்கு விஷயம் ஒரே பார்வையில் புரிந்துவிட்டது. அவர் ஷூப் பெட்டி ஒன்றை எடுத்துவந்து கொக்கின் எதிரில் குத்துக்காலிட்டு அமர்ந்தார்.

"என்ன சைஸ் சார் வேணும்?"

"எந்த சைஸா இருந்தாலும் சரிக்கா. மெதுவா மாட்டுங்க. அவசரமே இல்ல."

போன் அடிக்கவில்லை. எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அது அடிக்கவே இல்லை.

அன்று மாலைக்குள் முறை வைத்துவிட்டார்கள். கொக்குக்குப் பிறகு பெரியக்கா, அவருக்குப் பிறகு குழந்தைகள் பிரிவைப் பார்க்கும் மீசை, கடைசியாக மாப்பிள்ளை. மாப்பிள்ளைக்குப் புதிதாகக் கல்யாணம் ஆகியிருந்தது. வேலை போய்விடும் என்ற பயம் மற்றவர்களைவிட அவனுக்கு ஒரு பங்கு அதிகம். முதல் தடவை பெஞ்சில் உட்கார்ந்தபோது பரீட்சை எழுதப் போகிறவன்போல் நுனியில் உட்கார்ந்தான்.

"நல்லா சாஞ்சு உட்காருப்பா. காசு குடுக்கப் போற ஆள் மாதிரி உட்காரு" என்றார் மீசை.

மீசையின் மீசை கடைக்குள் நுழையும்போது அவருக்குச் சற்று முன்னால் நுழையும். அதைப் பார்த்துக் குழந்தைகள் அழும், அழுகிற குழந்தைக்கு ஷூ மாட்டுவது சுலபம் என்பார். அவருக்கு நடிப்பு ஆசை உண்டு. தன் முறை வந்தபோது கறுப்புக் கண்ணாடி போட்டு, ஒரு காலை இழுத்து இழுத்து நடந்து வந்தார்.

"எதுக்கு நொண்டறீங்க?" என்று பெரியக்கா பல்லைக் கடித்தபடி கேட்டார்.

"பாத்திரம் அப்படி."

கொக்குக்கு வேறொரு கஷ்டம். உட்கார்ந்தாலும் அவருக்குள் இருந்த விற்பனையாளர் உட்கார மறுத்தார். பக்கத்தில் நிஜமாகவே ஷூ வாங்க வந்தவர் தயங்கினால், "அதை எடுக்காதீங்க, கடிக்கும். அந்தப் பழுப்பைப் போட்டுப் பாருங்க" என்று சொல்லிவிடுவார். அவரும் அதையே வாங்கிக்கொண்டு, "ரொம்ப நன்றி சார், கடைக்காரங்க இப்படியெல்லாம் உண்மையைச் சொல்ல மாட்டாங்க" என்று கைகுலுக்கிவிட்டுப் போவார்.

*

சில நாளில் போன் அடித்தது. முதலாளி குரலில் தேன் வடிந்தது.

"கடையில எப்பப் பாத்தாலும் பெஞ்சு நிறைய ஆள்! பலகை மாட்டினது நல்லா வேலை செய்யுது, பாத்தியா? ஆனா ஒண்ணு. அந்த நீலச் சட்டைக்காரர் போட்டுப் போட்டுப் பாக்கறார், வெறுங்கையோட எழுந்து போறார். ஏன் விட்டீங்க?"

மேனேஜர் கொக்கைப் பார்த்தார். கொக்கு மஞ்சள் கோட்டுக்குள் நின்றபடி கூரையைப் பார்த்தார்.

அதனால் மறுநாளிலிருந்து கஸ்டமர்கள் பெட்டியோடு வெளியேறினார்கள். காலிப் பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டு முன்வாசல் வழியாகப் போவது, சுற்றிவந்து பின்வாசல் வழியாகப் பெட்டியைப் பழைய இடத்தில் வைப்பது என்று ஏற்பாடு. மீசை போகும்போது வாசலில் நின்று திருப்தியாகத் தலையாட்டிவிட்டுப் போவார்.

மறுபடியும் போன்.

"என்னய்யா நடக்குது அங்க? பெட்டி பெட்டியா வெளியே போகுது, பில்லு ஒண்ணும் வரல! திருட்டா?"

"திருட்டா? ஐயையோ, இல்ல முதலாளி!" மேனேஜருக்கு வியர்த்தது. "அது... அது... மாத்திக்க வந்தவங்க முதலாளி. பழசைக் குடுத்துட்டு வேற எடுத்துட்டுப் போறாங்க."

சொல்லிவிட்டாரே, அதற்கும் ஏற்பாடு செய்ய வேண்டியதாயிற்று. கஸ்டமர்கள் பெட்டியோடு உள்ளே வந்து, உதட்டைப் பிதுக்கி, பெட்டியை மாற்றிக்கொண்டு வெளியே போனார்கள். மாப்பிள்ளை ஒரே நாளில் அவ்வளவு தூரம் சுற்றியதில் உட்கார்ந்த சுகம் போய் நடந்த வலி வந்துவிட்டது என்று முனகினான்.

மூன்றாவது போனில் தேனும் இல்லை, கோபமும் இல்லை. கவலை இருந்தது.

"ஊரே திருப்பிக் குடுக்குதேய்யா. என் சரக்குல அப்படி என்ன குறை? அந்த நீலச் சட்டைக்காரர் இப்ப உட்கார்ந்திருக்கார் பாரு, அவர்கிட்ட போனைக் குடு. நானே கேக்கறேன்."

மேனேஜர் இரண்டு கையாலும் போனை ஏந்திக்கொண்டு பெஞ்சுக்கு வந்தார்.

"சார்... எங்க முதலாளி உங்ககிட்ட பேசணுங்கறார் சார்."

கொக்கு போனை வாங்கினார்.

"வணக்கம் சார்!" என்றார் முதலாளி. "தொந்தரவுக்கு மன்னிக்கணும் சார்."

கொக்கு போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு தடவை பார்த்தார். அதே போன்தான், குரலும் அவருடையதுதான். இத்தனை வருஷத்தில் அந்தக் குரல் அவரை 'டேய்' என்று கூப்பிட்டிருக்கிறது, 'அவன்' என்று சொல்லியிருக்கிறது. சார் என்று அழைத்ததே இல்லை. முதுகு தானாக நிமிர்ந்தது.

"பரவாயில்ல, சொல்லுங்க."

"என் கடையில என்ன குறை சார்? மனசுல இருக்கறதை அப்படியே சொல்லணும்."

"கடையில குறை இல்ல. சரக்கும் நல்ல சரக்கு. ஆனா உங்க ஆளுங்க நாள் பூரா நிக்கிறாங்களே, அதைப் பாத்தா எனக்குக் கால் வலிக்குது."

"அது அவங்க வேலை சார்."

"செருப்பு விக்கிறதுதானே வேலை? நிக்கிறதா வேலை?" கொக்கின் குரல் தானாக உயர்ந்தது. பெரியக்கா கண்ணால் அதட்டினார். அவர் கவனிக்கவில்லை. "கூட்டமே இல்லாதப்பவும் நிக்கிறாங்க. யாருக்காக நிக்கிறாங்க? சுவத்துக்கா? கால் வலிக்கிறவன் காட்டற ஷூவை நான் எதை நம்பிங்க வாங்கறது?"

கடையில் எல்லோரும் போனையே பார்த்தார்கள்.

"ரொம்பச் சரியாச் சொன்னீங்க சார்" என்றார் முதலாளி.

கொக்குக்குக் கண் கலங்கிவிட்டது.

"நானும் கவனிச்சிருக்கேன் சார். அங்க மஞ்சக் கோட்டுல உயரமா ஒருத்தன், ஒத்தக் கால்ல மாத்தி மாத்தி நிப்பான். நீங்க சொல்றது அவனைத்தானே? கடைக்கே அவலட்சணம். அவனை வேலையை விட்டு நிறுத்திடறேன் சார். நாளைக்கு நானே நேர்ல வரேன்."

*

கொக்கு தன்னைத் தானே வேலையை விட்டு நீக்கிக்கொண்ட விதம் இதுதான்.

மேனேஜர் கெட்டவர் இல்லை. அன்று மாலை கொக்கைப் படிக்கட்டு அறைக்கு அழைத்துப் போய் மெல்லிய குரலில் சொன்னார்: "முதலாளி கால்ல விழுந்தாவது உன் வேலையைக் காப்பாத்தி, உனக்கு மட்டும் ஒரு ஸ்டூலும் வாங்கித் தரேன்யா. உடம்பு சரியில்லன்னு சொல்லிக்கலாம். ஆனா இந்தக் கஸ்டமர் வேஷத்தை யார் யார் போட்டாங்கன்னு நீ வாயைத் திறக்கக் கூடாது, நானும் திறக்க மாட்டேன். மத்தவங்க பழையபடி நிக்கட்டும். என்ன சொல்றே?"

கொக்கு யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தார். ஸ்டூல் கண்ணுக்குள்ளேயே நின்றது. வட்ட ஸ்டூல், மேலே கொஞ்சம் மெத்தை.

மனைவி எல்லாவற்றையும் கேட்டாள். கஸ்டமர் கட்டம் வரும்போது மட்டும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஸ்டூல் கட்டம் வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"நீங்க அந்த ஸ்டூல்ல உட்கார்ந்திருப்பீங்க. பெரியக்கா எதிர்ல நின்னுக்கிட்டு இருப்பாங்க. உங்களால அவங்க மூஞ்சியைப் பாக்க முடியுமா?"

கொக்கு நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார்.

"எங்க தையல் கூடத்துல ஃபேன் எப்படி வந்துச்சு தெரியுமா? முதல்ல ஒருத்தி போய்க் கேட்டா. திமிர் பிடிச்சவன்னு அனுப்பிட்டாங்க. அப்புறம் ஒருநாள் எல்லாரும் சேர்ந்து மெஷினை நிறுத்தினோம். அன்னிக்கே ஃபேன் சுத்த ஆரம்பிச்சுது. தனியா ஒருத்தர் உட்கார்ந்தா சோம்பேறிம்பாங்க. எல்லாரும் உட்கார்ந்தா என்ன வேணும்னு கேப்பாங்க."

மறுநாள் காலை, ஷட்டர் ஏறுவதற்கு முன்னால், கொக்கு சரக்கு அறையில் எல்லோரையும் கூட்டி ஸ்டூல் விஷயத்தைச் சொன்னார். தான் வேண்டாம் என்று சொல்லப் போவதையும் சொன்னார்.

"போறதுன்னா நான் போறேன். உங்களுக்கு எதுவும் ஆகாது."

"நீங்க எதுக்குப் போகணும்?" என்றார் பெரியக்கா. "உட்கார்ந்தது நாம எல்லாரும்தானே? அவர் வந்ததும் எல்லாரும் உட்காருவோம்."

"நான் வேணும்னா அந்த நொண்டி ஆளாவே—" என்று மீசை ஆரம்பித்தார்.

"வேஷம் போதும். இன்னிக்குக் கோட்டைக் கழட்டக் கூடாது. நாம யாரோ, அப்படியே உட்காரணும்" என்றார் பெரியக்கா.

எல்லோரும் மாப்பிள்ளையைப் பார்த்தார்கள்.

"எனக்குப் பயமா இருக்கு" என்றான். பிறகு, "ஓரத்துல எனக்கு ஒரு இடம் விடுங்க" என்றான்.

*

பள்ளிக்கூடம் திறக்கும் வாரம் அது. முதலாளி கடைக்குள் நுழைந்தபோது குழந்தைகளும் பெற்றோரும் முட்டிமோதிக்கொண்டிருந்தார்கள். அவர் பெருமையாகச் சுற்றிப் பார்த்தார். பார்வை நடுப் பெஞ்சில் வந்து நின்றது. நடுப் பெஞ்சு முழுக்க மஞ்சளாக இருந்தது.

கொக்கு, பெரியக்கா, மீசை, ஓரத்தில் மாப்பிள்ளை. நான்கு பேரும் பலகைக்கு நேர் கீழே, கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"எழுந்திரு!" என்று முதலாளி கத்தினார்.

யாரும் எழவில்லை. மாப்பிள்ளையின் முழங்கால் மட்டும் எழப் பார்த்தது. பெரியக்கா அதன்மேல் கையை வைத்துக்கொண்டார்.

"எல்லாருக்கும் நாற்காலி வேணும் முதலாளி" என்றார் கொக்கு. குரல் நடுங்கவில்லை. அது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. "கூட்டம் இருந்தா நிப்போம், ஓடுவோம். இல்லாதப்ப உட்காருவோம். யாரையும் வேலையை விட்டு அனுப்பவும் கூடாது."

"எல்லாரையும் அனுப்பிடுவேன்! மேனேஜர்! நீ போய் வியாபாரத்தைப் பாரு!"

மேனேஜர் முதலாளியைப் பார்த்தார், பெஞ்சைப் பார்த்தார். இத்தனை வருஷம் நின்றபடியே கையெழுத்துப் போட்ட இடுப்பு அவருக்காக முடிவெடுத்தது. பெஞ்சுக்குப் போய், "கொஞ்சம் தள்ளி உட்காருங்க" என்றார்.

"என்னங்க, என் பையனுக்கு ஷூ காட்டறீங்களா இல்லையா?" என்று ஒரு அம்மாள் முதலாளியின் தோளைத் தட்டினாள். இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாகக் குழந்தைகளோடு அவள் நெடுநேரம் காத்திருந்தாள்.

"அவங்க எழுந்திருச்சதும் காட்டுவாங்கம்மா."

"அவங்க உட்காரட்டும். நான் எப்ப வந்தாலும் அவங்க நின்னுக்கிட்டேதான் இருக்காங்க. நீங்க சும்மாதானே நிக்கிறீங்க? நீங்க காட்டுங்க."

பின்னாலிருந்து இன்னும் நாலைந்து பேர், "ஆமா, நீங்க காட்டுங்க" என்றார்கள்.

ஒரு கடை நிறையக் கூட்டத்தைத் திருப்பி அனுப்ப எந்த முதலாளிக்கும் மனசு வராது. முதலாளி தன் கோட்டைக் கழற்றினார். ஏணியில் ஏறிப் பெட்டி எடுத்தார். இறங்கினார். அது பெரிது என்றார்கள், மறுபடி ஏறினார். இது சின்னது என்றார்கள், மறுபடியும் ஏறினார். கடைசியில் ஒரு பெட்டியோடு பையன் முன்னால் குத்துக்காலிட்டு அமர்ந்து, வலது காலில் ஷூவை மாட்டி, கயிறு கட்டினார். பையனுக்குப் பிடித்திருந்தது. இடது காலிலும் மாட்டினார்.

பிறகு எழுந்திருக்கப் பார்த்தார். முழங்கால் மடங்கியபடி பூட்டிக்கொண்டது.

தரையில் கையை ஊன்றிப் பார்த்தார். பக்கத்து அடுக்கைப் பிடித்துப் பார்த்தார். அடுக்கு ஆடியதே தவிர அவர் அசையவில்லை.

"எழுந்திருங்க முதலாளி" என்றார் பெரியக்கா. அவர் கேலியாகச் சொல்லவில்லை, உண்மையான அக்கறையோடுதான் சொன்னார். ஆனாலும் மீசை முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டியிருந்தது.

"முடியலயே!" முதலாளியின் நெற்றியில் வியர்வை வழிந்தது. "ஒரு நாற்காலி கொண்டாங்கய்யா!"

"நம்ம கடையில நமக்கு நாற்காலி கிடையாதே முதலாளி" என்றார் மேனேஜர். சொன்ன பிறகுதான் தன் தைரியம் அவருக்கே உறைத்தது.

கொக்கு எழுந்தார். கோரிக்கையை விட்டு எழவில்லை, ஆளைத் தூக்க எழுந்தார். மீசை மறுபக்கம் பிடித்துக்கொண்டார். இருவருமாக முதலாளியைத் தூக்கிவந்து, பெஞ்சில், தாங்கள் உட்கார்ந்திருந்த இடத்துக்கு நடுவில் உட்காரவைத்துவிட்டு, தாங்களும் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். முதலாளி "ஹப்பா" என்று ஒரு மூச்சு விட்டார்.

அந்த மூச்சு கடையில் எல்லோருக்கும் தெரிந்த மூச்சு.

"தினமும் இப்படித்தான் இருக்குமா?" என்று முதலாளி முழங்காலைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"இன்னிக்குக் கொஞ்சம் கூட்டம் கம்மி" என்றார் பெரியக்கா.

முதலாளி நிமிர்ந்து பார்த்தார். எதிரே கூட்டம் பெட்டிகளைத் தானே பிரிக்க ஆரம்பித்திருந்தது. ஒரு குழந்தை இடது காலில் கறுப்பும் வலது காலில் வெள்ளையும் மாட்டிக்கொண்டு வாசலை நோக்கி ஓடியது.

"சரி, போடறேன்" என்றார்.

"எதை?"

"நாற்காலியை. இந்தக் கடைக்கு."

"எல்லாக் கடைக்கும்" என்றார் பெரியக்கா.

"என்னது?"

"உங்ககிட்ட எங்கெல்லாம் யாரெல்லாம் நின்னுக்கிட்டு வேலை பாக்கறாங்களோ, அவங்க எல்லாருக்கும். எங்க கண்ணுல படாதவங்களுக்கும் சேத்துத்தான் கேக்கறோம். கொக்கண்ணனும் இங்கேயே இருப்பார்."

குழந்தை வாசலைத் தாண்டிவிட்டது.

"எல்லாருக்கும்! எல்லாருக்கும்! முதல்ல அந்தக் குழந்தையைப் பிடிங்க!"

நான்கு மஞ்சள் கோட்டுகளும் ஒரே நேரத்தில் எழுந்தன.

*

நாற்காலிகள் வந்தன. சாய்மானம் உள்ள, மெத்தை வைத்த, நிஜமான நாற்காலிகள். படிக்கட்டு அறைக்கும் ஒன்று போனது. முதல் நாள் மேனேஜர் அதிலிருந்து எழவே இல்லை.

மத்தியானம் கூட்டம் அடங்கியதும் நான்கு பேரும் வட்டமாக உட்கார்ந்து பேசுவார்கள். பேச்சு எங்கே தொடங்கினாலும் மீசையின் நடிப்பில் வந்து முடியும்.

"கறுப்புக் கண்ணாடி, அந்த நடை. கேமராவையே ஏமாத்தினேன் பாத்தீங்களா? கலை அது" என்று மீசை முறுக்கிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், ஒல்லியான ஒருவர் கடைக்குள் வந்தார். கண்ணைச் சுற்றிக் கருவளையம். உள்ளே வந்ததும் ஊருக்குத் திரும்பியவர்போல் ஒவ்வொருவரையும் பார்த்துச் சிரித்தார்.

"வாங்க சார், உட்காருங்க" என்றார் கொக்கு.

"இல்லீங்க, நிக்கிறேன். கொஞ்ச நாளா வேலையில உட்கார்ந்தேதான் இருக்கேன். நிக்கறது ஒரு மாறுதலா இருக்கு." அவர் பெஞ்சுகளைச் சுற்றிப் பார்த்தார். "நீங்க நீலச் சட்டைல வந்தா இந்தப் பெஞ்சு, கட்டம் போட்ட சட்டைல வந்தா ஜன்னலோரப் பெஞ்சு. சரிதானுங்களே?"

கொக்கின் கையிலிருந்த பெட்டி நழுவியது.

"யாருங்க நீங்க?"

"தலைமை ஆபீஸ்ல கேமரா பாக்கறவன். அன்னிக்கு அந்தப் பெட்டி மேல நீங்க விழுந்தப்ப முதலாளி மூக்கு திரையில ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. அதனால என்னால ஒண்ணும் பண்ண முடியல. அதை நேர்ல சொல்லிட்டுப் போகணும்னுதான் வந்தேன்."

மீசை மெல்ல எழுந்தார். "அப்ப... எங்களை அடையாளம் தெரிஞ்சுபோச்சா உங்களுக்கு?"

"கறுப்புக் கண்ணாடி போட்டா இந்த மீசை மறைஞ்சிடுமாங்க? முதல் நாளே தெரிஞ்சுபோச்சு."

"அப்ப முதலாளிக்கு மட்டும் எப்படித் தெரியாம போச்சு?" என்றார் பெரியக்கா.

வந்தவர் ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறி நின்றார்.

"அவருக்குத் தூரத்துல இருக்கற மூஞ்சி தெரியாது, கண்ணாடி போட வெக்கம், 'யாருய்யா அது?'ன்னு கேக்கறப்பல்லாம் பக்கத்துல நாள் பூரா நாற்காலி இல்லாம நின்னுக்கிட்டு, 'கஸ்டமர் சார்'னு சொன்னவன் நான்தாங்க."